தம்பி கட்டிய கம்பி, ஊர் கட்டிய கயிறு

கயிறு அறவில்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். கடைத்தெருவில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் பெரிய சஹன் தட்டைச் சுற்றியிருந்து சோறு தின்னும்போதும் சொல்கிறார்கள். "கயிறு ஒண்டும் அறல்லையே டீச்சர், ஒங்கட தம்பி கட்டின செட்டைதானே விழுந்த" என்று என் முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். கேட்கிற எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கயிறு அறாமலே ஒரு விமானத்தின் இறக்கையை விழுத்தலாம் என்று எத்தனை பேருக்குத்தான் வாயால் சொல்வது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பாடசாலை கற்பிட்டிக்குப் போகிற வழியில், ஒரு பக்கம் உப்புநீர்க் களப்பும் மறுபக்கம் கடலுமாக ஒடுங்கிக் கிடக்கிற மண்ணில் இருக்கிறது. நிறத்துக்கொரு இல்லமாகப் பிள்ளைகளைப் பிரித்து நடத்துகிற இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் இங்கே ஓட்டம் பாய்ச்சலை விட இல்லச் சோடனைக்குத்தான் மவுசு. ஒவ்வொரு இல்லமும் மைதான ஓரத்தில் தனக்கென்று ஒரு கொட்டில் போட்டு, அதைக் கப்பலாகவோ கோட்டையாகவோ சோடிக்க வேண்டும். நடுவர்கள் சுற்றி வந்து புள்ளி போடுவார்கள். வேலையெல்லாம் தகப்பன்மார் வேலை. பிள்ளை ஓடித் தோற்றால் அவர்களுக்கு ஒரு கவலையுமில்லை. சோடனையில் தோற்றால் ஒரு வருடத்துக்கு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். நான் நீல இல்லத்துக்குப் பொறுப்பாசிரியை. அந்த வருடம் எங்களுடைய சோடனை விமானம்.

விமானம் என்று தீர்மானித்தவன் என் தம்பி. வளைகுடாவில் விமானங்களை நிறுத்தித் திருத்துகிற பெரிய கொட்டகை ஒன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்திருந்தான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் 'பிளேன் துடைச்ச ஆள்'. துடைக்கவும் செய்தான், அதை அவனே சொல்வான். ஆனால் அந்தக் கொட்டகையில் ஒரு பணக்காரருடைய பழைய இரட்டை இறக்கை விமானம் நின்றது. அதன் கம்பிகளை இறுக்கிச் சரி பார்க்கிற வேலையைக் கடைசியில் இவனிடம்தான் கொடுத்தார்கள். அதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. இவனுக்கும் வாய் கொஞ்சம் நீளம், அடக்கம் மருந்துக்கும் கிடையாது. "ஒங்களுக்கு வெளங்காது" என்று தொடங்கித்தான் எதையும் சொல்வான். அப்படித் தொடங்கினால் யார் காது கொடுப்பார்கள்?

அவன் திரும்பிப் போக விரும்பவில்லை. வந்திறங்கிய அன்று அவனுடைய சின்ன மகள் அவனைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்து, "உம்மா, ஒரு அங்கிள் வந்திரிக்கார்" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு உள்ளூரில் வேலை தேடி அலைந்தான். களப்போரத்தில் ஃபைபர் படகு செய்யும் பட்டறை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் அவனிடம், "எனக்குப் பெரிய பாஸ் ஒராள் வேணும். ஒன்ட கைவேலையை நான் கண்டதில்ல. இஸ்கூல் சோடனையைச் செஞ்சு காட்டு, பொறகு கதைப்பம்" என்று சொல்லியிருந்தார். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கைதேர்ந்த வேலைக்காரன். இந்த விமானம் மற்றவர்களுக்குச் சோடனை. தம்பிக்கு அது பிள்ளைகளோடு ஊரில் இருப்பதா, மறுபடியும் பயணப் பெட்டியைத் தூக்குவதா என்ற கேள்வி.

கொட்டிலின் கூரைதான் விமானத்தின் உடல். பக்கத்துக்கு இரண்டு இறக்கை, ஒன்றுக்கு மேல் ஒன்று. சவுக்குக் கம்பிலும் கமுகஞ் சலாகையிலும் சட்டம் அடித்து, மேலே வெள்ளைச் சீலை இழுத்துத் தைத்தோம். தையல் வேலை உம்மாமாருடையது, எனக்கும் அதில் பங்குண்டு. கீழ் இறக்கை ஒரு ஆள் கையுயர்த்தித் தொடுகிற உயரத்தில் நீட்டி நின்றது. அதன் நிழலில் பிள்ளைகள் இருக்கலாம். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில் நிமிர்ந்த கம்புகள். அந்தக் கம்புகளுக்கு இடையே மூலைக்கு மூலை குறுக்கும் மறுக்குமாக மெல்லிய உருக்குக் கம்பி வடங்கள். மோட்டார் சைக்கிள் கராஜ்களில் கழித்துப் போட்ட கேபிள்களைப் பொறுக்கி வந்து தம்பி கட்டியவை.

தகப்பன்மாருக்குத் தலைவர் மாதிரி ஒரு சம்மாட்டியார் இருந்தார். படகும் வலையும் சொந்தமாக உள்ளவர், ஆள் நல்ல மனுஷன், கேட்காமலே உதவிக்கு வந்து நிற்பவர். அவருடைய மகள் எங்கள் இல்லத்தின் நீளம் பாய்தல் வீராங்கனை. அவர் அந்தக் கம்பிகளைப் பார்த்துவிட்டு, "எதுக்கு தம்பி இவ்வளவு? எட்டுக்கால் பூச்சி கூடு கட்டின மாதிரி இரிக்கி" என்றார்.

"ஒங்களுக்கு வெளங்காது சம்மாட்டி" என்று தொடங்கினான் தம்பி. நான் அவன் காலை மிதித்தேன். பிறகுதான் ஒழுங்காகச் சொன்னான். "செட்டை சும்மா ஒரு பலகை மாதிரி. அதுக்குப் பெலமில்ல. கம்பிதான் பெலம். உடம்புக்கு மேலால இருந்து வெளிப்பக்கம் கீழ போற கம்பி, செட்டைட பாரத்தைப் பிடிக்கும். உடம்புக்குக் கீழால இருந்து வெளிப்பக்கம் மேல போற கம்பி, காத்துத் தூக்கக்குள்ள பிடிக்கும். பிளேன் நிக்கக்குள்ள ஒரு கம்பிக்கு வேலை, பறக்கக்குள்ள மத்தக் கம்பிக்கு வேலை. ரெண்டும் விறைப்பா இருந்தா மேல் செட்டையும் கீழ் செட்டையும் ஒண்டாச் சேந்து பாலம் மாதிரி நிக்கும். விறைப்பு விட்டா ரெண்டும் கண்ணாடி இல்லாத ஜன்னல் சட்டம் மாதிரி, தள்ளின பக்கம் சாயும்."

இதை விடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. சம்மாட்டியாரும் தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் ஒன்றும் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடற்காற்றில் உருக்கு என்ன பாடுபடும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கிழமைக்குள் கம்பிகள் துருப்பிடித்து, வெள்ளைச் சீலையில் செந்நிறக் கோடு கோடாக வடிந்திருந்தது. பார்க்க அசிங்கம்தான், நான் மறுக்கவில்லை. "மேல்தோல் துரு அது, உள்ளுக்கு ஒண்டுமில்ல. சீலையை மட்டும் கழுவுங்க" என்று தம்பி சொல்லிவிட்டு, போட்டிக்கு முதல்நாள் விமானத்தின் சக்கரத்துக்குப் பெயின்ட் வாங்கப் புத்தளம் போனான். அவன் பஸ் ஏறியதுதான் தாமதம். பின்னேரம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் தகப்பன்மார் சேர்ந்து, கம்பிகள் அத்தனையையும் குறட்டால் வெட்டி எறிந்துவிட்டு, புத்தம் புது நைலோன் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். நீலக் கயிறு. இல்லத்தின் நிறம். சீலையில் இருந்த துருக் கறையையும் கழுவி விட்டிருந்தார்கள்.

கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் கரையில் எது உடைந்தாலும் நைலோன் கயிறுதான் மருந்து. கதிரைக்கால் ஆடினால் நைலோன், கேற் கழன்றால் நைலோன், சைக்கிள் கரியருக்கும் நைலோன். துருப்பிடிக்காது, உக்காது, லேசில் அறாது. அதோடு அது இழுபடும், பாரம் விழுந்தால் நீளும். கடலில் அந்த இழுபடுதல்தான் அதன் பெரிய குணம். நங்கூரக் கயிறு அலையோடு கொஞ்சம் நீண்டு கொடுத்து, திரும்ப வாங்க வேண்டும். விறைத்து நின்றால் ஒரு அலை தூக்குகிற தூக்கில் படகின் முன்பக்க அணியத்தில் அடித்திருக்கிற கொக்கி பிய்ந்து கையில் வரும். பிறந்ததிலிருந்து கொடுத்து வாங்குகிற கயிற்றையே நம்பிப் பிழைக்கிற மனிதர்கள், விமானத்துக்கும் அதையே கட்டினார்கள். ஆனால் இறக்கையின் குறுக்குக் கம்பி ஒரு விரல் கூடக் கொடுக்கக் கூடாது. அதன் வேலையே கொடுக்காமல் இருப்பதுதான்.

காலையில் மைதானத்துக்கு வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு வாயில் வந்தபடி ஏசினான். திருப்பிக் கட்டலாமென்றால் பழைய கம்பிகள் துண்டு துண்டாக மணலில் கிடந்தன. "ஆகக் குறைஞ்சது புள்ளைகளை அதுக்குக் கீழ வைக்காதீங்க" என்று நான் கெஞ்சினேன். சம்மாட்டியார் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார். "இதால மீன்பிடி போட்டையே இழுக்கிறம் டீச்சர். துணிச் செட்டையைப் பிடிக்காதா?" தகப்பன்மார் சிரித்தார்கள். அதிபரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நடுவர்கள் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். சோடனையில் நீல இல்லத்துக்கு முதலிடம். ஹாஜியார் தம்பியின் தோளில் தட்டி, "திங்கக்கிழமை பட்டறைக்கு வா" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன். அவ்வளவு கோபத்திலும் தம்பியின் முகம் மலர்ந்து போனது.

முன்பெல்லாம் இந்தப் போட்டியைக் காற்றடங்கிய மாசி மாதத்தில் நடத்தி முடித்துவிடுவார்கள். இப்போது பரீட்சைகள் பிந்திப் பிந்தி, தவணைகள் ஒன்றையொன்று இடித்து, போட்டி சோளகத்துக்குள் வந்துவிட்டது. தென்மேற்கில் இருந்து அடிக்கிற அந்தக் காற்று மத்தியானத்துக்குப் பிறகு வந்தால் வீட்டில் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். லுஹர் தொழுகை முடிந்து வரும்போது அது தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் இறக்கை மேலே எழும்பியது, வீச்சு நின்றதும் இறங்கியது. இறங்கும்போது முன்பு இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. நிமிர்ந்து நின்ற கம்புகள் சாயத் தொடங்கியிருந்தன. பிள்ளைகளை இரண்டு தரம் வெளியே கூட்டி வந்தேன். இரண்டு தரமும் உம்மாமார், "வெயில்ல புள்ளைகளை வாட்டுறாவே" என்று என்னை ஏசிக்கொண்டு அவர்களைத் திருப்பி நிழலுக்குள் அனுப்பினார்கள்.

தம்பி ஒரு மூங்கிலோடு ஓடி வந்தான், முட்டுக் கொடுக்க. அதற்குள் வெளிப்பக்கத்து நிமிர்ந்த கம்பின் அடி, கீழ் இறக்கையில் அது செருகியிருந்த குழியிலிருந்து கழன்றது. மேல் இறக்கை கீழ் இறக்கையின் மேல் மடிந்து, இரண்டும் சேர்ந்து இறங்கின. பெரிய சத்தம் கூட வரவில்லை. சீலைக்குக் கீழே இருந்து பிள்ளைகள் அழுகிற சத்தம்தான் கேட்டது. ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கீறல், வீக்கம். நீளம் பாய்ந்துவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சம்மாட்டியாரின் மகளுக்கு வலது கை முறிந்தது. நான்தான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு வேனில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுவதும் அல்லாஹ்வை அழைத்தபடி வந்தாள், பாவம்.

திரும்பி வந்தபோது ஊர் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. தகப்பன்மார் விழுந்த இறக்கையைச் சுற்றி நின்று ஒவ்வொரு கயிறாகப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் அறவில்லை. ஒரு முடிச்சும் அவிழவில்லை. அப்படியானால் பிழை யாருடையது? சட்டம் அடித்தவனுடையது. "நல்ல வேளை நாங்க கயிறு மாத்தின. அந்தத் துருக் கம்பியெண்டா புள்ளைகள் மௌத்தாப் போயிருக்கும்" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். தம்பி மண்டையில் அடித்துக்கொண்டு விளங்கப்படுத்தினான். கயிறு அறாததுதான் கேடு, அது இழுபட்டு நீண்டதால்தான் கம்பு சாய்ந்தது என்று கத்தினான். அறாத கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைக் கேட்கப் பொறுமை இருக்குமா? திங்கட்கிழமை அவன் பட்டறைக்குப் போனான். ஹாஜியார் எழுந்து கூட வரவில்லை. "பொறகு பார்ப்பம் மகன்" என்று உள்ளே இருந்தபடியே சொல்லியனுப்பினார்.

சில கிழமைகளில் அந்தப் பிள்ளை கையில் கட்டுடன் வகுப்புக்கு வந்தாள். நான் விசைகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இடது கையை உயர்த்தி, "கயிறு அறல்லையே டீச்சர், அப்ப ஏன் விழுந்த?" என்று கேட்டாள். புத்தகத்தில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. கயிற்றைக் கட்டியது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டால் நான் என்ன டீச்சர்?

நான்கு ஈர்க்குகளை எடுத்து நூலால் மூலைகளைக் கட்டி ஒரு சதுரம் செய்தேன். அவளையே தள்ளச் சொன்னேன். விரல் பட்டதும் சாய்ந்தது. மூலைக்கு மூலை மெல்லிய செப்புக் கம்பி கட்டிக் கொடுத்தேன். இப்போது தள்ளினாள், அசையவில்லை. கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினேன். தள்ளினாள், சட்டம் சாய்ந்தது.

"ரப்பர் அறுந்ததா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர்."

"சட்டம் நிண்டதா?"

அவள் சாய்ந்த சட்டத்தை இடது கையால் நிமிர்த்திப் பார்த்தாள். பாடம் முடிந்ததும் அந்த ஈர்க்குச் சதுரத்தைத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு சம்மாட்டியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய பாரை மீன். தம்பியும் அங்கே இருந்தான். சம்மாட்டியார் கதிரையில் உட்காரவும் இல்லை. "நடந்தது நடந்து போச்சு தம்பி. அல்லாஹ்வுக்காக நான் ஒனக்கு மாப்புச் செஞ்சிட்டன்" என்று சொல்லி, மீனை என் கையில் தந்துவிட்டுப் போனார். மன்னித்துவிட்டாராம். என் தம்பியை, அவர். தம்பி எழுந்து பின்வாசலால் போனான். வீடு தேடி வந்த மீனைக் குப்பையில் போட எங்களுக்குப் பழக்கமில்லை, நான் புளி கரைத்து ஆணம் காய்ச்சினேன். ஆணத்தைக் கிண்டக் கிண்ட ஆத்திரம் கூடிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை அவருடைய மகளிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், "ஒங்கட வாப்பாக்கு இன்னமும் என்ட தம்பி மேல கோபமா மகள்?" என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "வாப்பாக்குத் தெரியும் டீச்சர். ஈர்க்கை நான் காட்டின. நைலோனை வெச்சும் அவரே கட்டிப் பாத்தார். பாத்துட்டு அண்டைக்குச் சோறு தின்னல்ல. அதுக்குப் பொறகுதான் ஒங்கட ஊட்டுக்கு மீன் கொண்டு வந்தவர்."

தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். தெரிந்துகொண்டே மாப்புச் செய்திருக்கிறார். மறுநாள் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு, நேரே களப்போரத்துக்குப் போனேன். சம்மாட்டியார் பட்டறைக்கு முன்னால் தன் படகைத் திருத்தக் கொடுத்துவிட்டு நின்றார். ஹாஜியாரும் பக்கத்தில். பொம்பளைகள் வந்து நிற்கிற இடமில்லை அது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

"சம்மாட்டி, செட்டை ஏன் விழுந்த எண்டு ஹாஜியாருக்குச் சொல்லுங்க. ஒங்கட மகள் ஒங்களுக்குக் காட்டினதைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஹாஜியாரின் பக்கம் நெருங்கி வந்தார். மணலைப் பார்த்தபடி, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஓம் ஹாஜியார். கம்பி சரி. அதை வெட்டிக் கயிறு கட்டினது நாங்கதான். என்ட புள்ளைட கையை நானே முறிச்ச எண்டு ஊர் சொல்லுமே எண்டுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்த."

எனக்கு ஒரு கணம் மனம் இளகிப் போனது. அதை மறைக்க மாட்டேன். பிள்ளையைப் பெற்ற எவருக்கும் இளகும்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "இதை முந்தியே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லம்" என்றார். "இப்ப அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சே டீச்சர்."

"யாரை எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

ஹாஜியார் படகின் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்மாட்டியார்தான் பதில் சொன்னார். "என்ட மூத்த மருமகன்."

நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன். அங்கே நின்று பேசத் தொடங்கியிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் தம்பி மறுபடியும் வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். சின்ன மகள் இப்போது அவனை வாப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள், வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று கத்தினாள். வழியனுப்ப வந்தவர்களுக்குள் சம்மாட்டியாரும் இருந்தார். ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார், தம்பி கை கொடுத்தான். என் பக்கமும் திரும்பி, "தம்பிக்கு துஆச் செய்யிறன் டீச்சர்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையின் விரல்களை வேன் கதவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.